பசித்த பிள்ளைகளும் பாடசாலை உபாத்தியாயர்களும்

ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவுகள் வெளியானவுடன் நமது நாட்டில் ஒரு சடங்கு தவறாமல் நடைபெற்று வருகின்றது. சர்க்கார் பாடசாலைகளில் தேறினவர் இத்தனை பேர், தவறினவர் இத்தனை பேர் என்று கணக்கெடுப்பதும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்காட்டி உபாத்தியாயர்களை ஏசுவதும், பிறகு அடுத்த வருஷம் வரையில் அந்த விஷயத்தையே மறந்துவிடுவதுமே அந்தச் சடங்கு. மேடையேறும் நமது அரசியல் நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். உபாத்தியாயர்களில் சோம்பேறிகளே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. வக்கீல்களிலும் இருக்கிறார்கள், பத்திரிகாசிரியர்களிலும் இருக்கிறார்கள். ஆயினும் குற்றஞ் சாட்டுமுன் சாட்சியத்தைப் பார்ப்பது நியாயம். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த நிலைமையில் அங்கே வந்து சேருகின்றது என்பதே இவ்வழக்கில் முதல் சாட்சியம். அதை விசாரியாமல் அளிக்கும் தீர்ப்பு ஒருதலைத் தீர்ப்பேயாகும்.

தமிழ்நாட்டில் இப்பொழுது தரித்திரம் எங்கே இருக்கின்றது என்று கேட்கும் கனவான்களும் உளர். 2019-21-ம் வருஷங்களில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வை ஆதாரமாகக் கொண்டு நீதி ஆயோக் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் 100-க்கு 14.96 பேர் பலவகை வறுமைக்கு உட்பட்டவர்களாயிருக்க, தமிழ்நாட்டில் அத்தகையோர் 100-க்கு 2.20 பேர்தாம். இதைக் கண்டு மகிழவேண்டியதே. ஆனால் அதே ஆய்வின் வேறு பக்கங்களையும் புரட்டவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்போர் இந்தியாவில் 100-க்கு 35.5, தமிழ்நாட்டில் 25. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலுள்ளவர்களில் இரத்தசோகையுடையோர் இந்தியாவில் 100-க்கு 67.1, தமிழ்நாட்டில் 57.4. அதாவது, முன்னேறிய மாகாணம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் இந்நாட்டில் நான்கு குழந்தைகளில் ஒன்று வளர்ச்சி குன்றியது; இரண்டில் ஒன்றுக்கு மேல் இரத்தம் குறைந்தது. அன்று தொட்டிலிலும் தாய் இடுப்பிலும் இருந்த அக்குழந்தைகளே இன்று ஆரம்பப் பாடசாலைப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழைகளின் தொகை குறைந்தது உண்மையே. குறைந்துபோன இரத்தம் அவ்வளவு விரைவாக ஊறிவிடுவதில்லை.

இது வகுப்பறையில் எவ்வாறு தோன்றுகின்றது? தரித்திரம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருவதில்லை. அது மந்தபுத்தி என்ற வேஷத்தில் வருகிறது. சோம்பல் என்ற வேஷத்தில் வருகிறது. முரட்டுத்தனம், பொய், காலதாமதம் என்ற வேஷங்களிலும் வருகிறது. பத்து மணிக்கே கண் செருகும் பையன் இரவெல்லாம் ஒற்றை அறையில் ஆறு பேருக்கிடையில் படுத்து எழுந்தவனாயிருக்கலாம். மணியடித்த பிறகு வரும் பெண், தாய் கூலிக்குப் போனபின் தண்ணீர் பிடித்து வைத்துத் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்தவளாயிருக்கலாம். கரும்பலகையிலுள்ளதைத் தப்புந் தவறுமாக எழுதுகிறவனுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காதில் சீழ் இருக்கலாம். இவற்றையெல்லாம் அறியாத உபாத்தியாயர் பிரம்பை நாடுகிறார். சட்டம் பிரம்பைத் தடுத்த பிறகு நாவை நாடுகிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சரீர தண்டனையை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் விலக்கியிருக்கிறது என்பதை இங்கே ஞாபகப்படுத்த விரும்புகிறோம்.

பசி வயிற்றை மட்டும் தாக்குவதில்லை, புத்தியையும் கவ்விக்கொள்ளுகிறது என்பதற்கு வெகு தூரம் சென்று அத்தாட்சி தேடவேண்டியதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ச்சியாளர் சிலர் பரிசோதித்து, 2013-ம் வருஷத்தில் அதன் முடிவை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாமல் கடனும் அடகுமாகத் தவிக்கும் மாதத்திலும், அறுவடைக்குப் பின் பணம் வந்த மாதத்திலும் ஒரே மனிதனுக்கு ஒரே மாதிரியான புத்திப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். பணமில்லாத காலத்தில் அவன் தேர்ச்சி குறைந்தும், பணம் வந்த காலத்தில் உயர்ந்தும் காணப்பட்டது. மனிதன் மாறவில்லை, அவனது மனத்தைப் பிடித்திருந்த கவலைதான் மாறிற்று. உலக அனுபவம் நிரம்பிய குடியானவன் கதியே இதுவானால், அந்தக் குடியானவன் வீட்டு எட்டு வயதுப் பிள்ளையைப்பற்றி நாம் என்ன சொல்வது? அவனை மக்கு என்று பதிவு செய்யும் பரீட்சை அவன் புத்தியை அளக்கிறதா, அல்லது அவன் வீட்டு அடுப்பை அளக்கிறதா?

இவ்வுண்மையை நமது முன்னோர் அறியாதவரல்லர். கட்டாய ஆரம்பக் கல்விக்காகக் கோகலே 1911-ம் வருஷத்தில் கொண்டுவந்த மசோதாவை அந்நிய சர்க்கார் தன் ஆதரவாளர்களின் வாக்குகளைக் கொண்டு மறு வருஷம் தோற்கடித்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னர், 1906-ல், அதே ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் உணவளிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் அளித்துச் சட்டம் செய்துகொண்டனர். போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது வந்தவர்களில் பலர் உடல் நலிந்து தள்ளப்பட்டதே அவர்கள் கண்ணைத் திறந்தது. தமக்கொரு நீதி, நமக்கொரு நீதி! 1920-ல் சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம்விளக்குப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானித்தது. சேர்க்கை பெருகிற்று, வேறு சில பாடசாலைகளுக்கும் அத்திட்டம் பரவிற்று. ஆரம்பக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்று சர்க்கார் தடை சொல்லவே 1925-ல் அது நின்றது. கல்வி வேறு, உணவு வேறு என்ற கணக்குப்பிள்ளை வாதம் அன்றே பிறந்துவிட்டது. நீதிக் கட்சியாரிடம் நமக்கு எத்தனையோ விஷயங்களில் அபிப்பிராய பேதம் உண்டெனினும், இதில் அவர்கள் செய்தது சரி. தடுத்தவர்கள் செய்தது தவறு.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவர். ஸ்ரீ காமராஜ் 1956-ல் பகலுணவைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் நெல்லும் பருப்பும் காய்கறியும் பிச்சை கேட்பதுபோலக் கேட்டு வாங்கி நடத்தப்பட்ட ஏற்பாடு அது. 1982-ல் ஸ்ரீ எம்.ஜி. ராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, பொக்கிஷம் காலியாகிவிடும் என்று எத்தனையோ மேதாவிகள் ஓலமிட்டார்கள். பொக்கிஷம் காலியாகவில்லை. தொடக்கத்தில் சிறு குழந்தைகளோடு நின்ற அத்திட்டம் 1984-ல் 15 வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்கும் நீண்டது. 1989-ல் ஸ்ரீ கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், சமைத்த பகலுணவை நாடெங்கும் ஆரம்பப் பாடசாலைகளில் அளித்தே தீரவேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டி ஆரம்பமாகி, மறு வருஷம் ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஒரு கட்சி தொடங்கியதை மறு கட்சி அழிக்காமல் மேலும் வளர்த்த விஷயம் நமது அரசியலில் இது ஒன்றேயோ என்று ஐயுறுகிறோம்.

இவ்வரலாற்றில் உபாத்தியாயரைச் சார்ந்த ஓர் அம்சம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. 1982-ம் வருஷத்திய ஏற்பாட்டில் சத்துணவுக்கென்று தனி அமைப்பாளரும் சமையற்காரரும் உதவியாளரும் நியமிக்கப்பட்டார்கள். காலைச் சிற்றுண்டியை மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கின்றனர். ஆதலின் இந்நாட்டு உபாத்தியாயர் பெரும்பாலும் உலைக்கு அரிசி அளக்கும் வேலையிலிருந்து தப்பினார். வடநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் இந்தப் பாகுபாடு இல்லை. 2013 ஜூலையில் பீஹாரின் சரண் ஜில்லாவில் ஒரு சிற்றூர்ப் பாடசாலையில், பூச்சிமருந்து கலந்த உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். சாமான் வாங்கி வைப்பது முதல் எல்லாப் பொறுப்பும் தலைமை உபாத்தியாயினியின் தலையிலேயே இருந்தது; கோர்ட்டு அவருக்குத் தண்டனையும் விதித்தது. அவரது குற்றத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. போதிக்க வந்தவரையே உக்கிராணக்காரராகவும் சமையல் மேற்பார்வைக்காரராகவும் வைத்து நடத்திய முறையின்மேல் யாரும் வழக்குத் தொடரவில்லையே என்றுதான் கேட்கிறோம்.

சோற்றுப் பானையினின்றும் விடுபட்ட நமது உபாத்தியாயர் தாளினின்றும் விடுபட்டாரா? இல்லை. பிள்ளை ஏழையாயிருப்பதால் சர்க்கார் கொடுக்கும் புத்தகம், சீருடை, காலணி, பை, உதவித்தொகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு; ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படிவம்; இப்பொழுது கைப்பேசியில் ஏற்றவேண்டிய விவரம் வேறு. தரித்திரத்தைப் போக்க எடுத்த நடவடிக்கையின் குமாஸ்தா வேலை முழுவதும், அப்பிள்ளைக்குப் பாடஞ் சொல்லவேண்டிய ஒரே மனிதன்மேல் விழுகிறது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பாடசாலை உபாத்தியாயருக்கு இச்சுமை இல்லை. விளைவு விபரீதமாக முடிகிறது: எந்தப் பிள்ளைக்கு உபாத்தியாயரின் நேரம் அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைக்கே அது குறைவாகக் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, பத்து வருஷத்துக்கொரு முறை எடுக்கும் ஜனத்தொகைக் கணக்கு, விபத்து நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிரக் கல்விக்குப் புறம்பான வேறெந்த வேலைக்கும் உபாத்தியாயரை அனுப்பலாகாது என்று விதிக்கிறது. அதற்கும் முன்னரே, 2007 டிசம்பரில், வாக்காளர் ஜாபிதாத் திருத்தம், தேர்தல் ஆகிய வேலைகளை விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நாட்களிலும்தான் உபாத்தியாயர்களிடம் வாங்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தொழில் முறையில் சட்டங்களைப் படித்துப் பழகிய நமக்கு, விதிவிலக்கே விதியை விழுங்கிவிடுவது புதிய காட்சியல்ல. ஆயினும் வீடு வீடாகச் சென்று வாக்காளர் படிவம் கொடுத்து வாங்கும் உபாத்தியாயரைக் காணும்போதெல்லாம், அந்த நேரத்தில் அவருடைய வகுப்பில் யார் இருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. 2024-25-ம் வருஷத்தில் இந்தியாவில் ஒரே உபாத்தியாயரைக் கொண்டு நடந்த பாடசாலைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தன என்று மத்திய சர்க்காரின் கணக்கே கூறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் அவரை வெளியே அனுப்புவதும் பாடசாலையைப் பூட்டுவதும் ஒன்றே.

சர்க்காரைக் குறைகூறி உபாத்தியாயர்களை அப்படியே விடுதலை செய்துவிட நமக்கு எண்ணமில்லை. அவர்களிடமும் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது. ஏழைப் பிள்ளைகளிடம் உபாத்தியாயர் செய்யும் பிழை இருவகைப்பட்டது. கோபம் ஒன்று, அதனைப்பற்றி மேலே கூறினோம். மற்றொன்று இரக்கம் என்ற பெயரால் நடப்பது. "பாவம், இவனுக்கு இவ்வளவு போதும், கையெழுத்துப் போடத் தெரிந்தால் சரி" என்று கடினமான கணக்கை அவனுக்குக் கொடாமல் விட்டுவிடுவது. அடித்தவனையாவது பிள்ளை எதிர்த்து நிற்கலாம். இந்த இரக்கத்தை எதிர்க்க அவனுக்கு வழியில்லை. அவனிடம் எதிர்பார்ப்பதைக் குறைப்பது அவனுக்குச் செய்யும் தயவு அன்று. கூலிக்காரன் மகனுக்குப் பின்னங்கள் புரியாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. பாடத்தைக் குறைக்காமல் படியைக் குறைத்து வைப்பதே உபாத்தியாயரின் சாமர்த்தியம்.

இன்னும் சில காரியங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. இவரிவர் இன்னும் பணம் கட்டவில்லை என்று வகுப்பில் பெயர் வாசிப்பதை நிறுத்தலாம். உதவித்தொகைக்குரியவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று கூப்பிடுவதை அடியோடு ஒழிக்கலாம். தரித்திரமும் ஜாதியும் நம் நாட்டில் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. ஒன்றை அம்பலப்படுத்தினால் மற்றொன்றும் அம்பலமாகிறது. காலணியின்றி வந்தவனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்டு, பிறகு தனியே விசாரிக்கலாம். மூன்று நாள் வராத பிள்ளையை வருகைப் பதிவில் சுழிப்பதோடு நில்லாமல், யாராவது ஒருவரை அனுப்பி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுவரச் செய்யலாம். வீட்டுப்பாடத்தைப்பற்றியும் சிந்திக்கவேண்டும். மேஜையும் விளக்கும் படித்த தாய் தந்தையரும் இருக்கிற வீட்டுக்கு ஏற்பட்ட வழக்கத்தை, இவை ஒன்றுமில்லாத வீட்டின்மேல் சுமத்திவிட்டு, மறுநாள் முடிக்கவில்லை என்று தண்டிப்பது என்ன நியாயம்? பாடசாலை விட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து எழுத இடங்கொடுத்தால் பாதிக் குறை தீரும். இதை ஏற்கெனவே செய்துவரும் உபாத்தியாயர்கள் பலர் உளர். தம் சொந்தப் பணத்தில் பேனாவும் நோட்டும் வாங்கிக் கொடுத்து, அதை வெளியில் சொல்லாதவர்களும் உளர். அவர்களுக்கு நமது வந்தனம்.

வேறொரு வகைப் பிள்ளைகள் உண்டு. இவர்களைப்பற்றி உபாத்தியாயர் ஒருவர் தனித்து நின்று ஒன்றும் செய்ய இயலாது. ஒடிஸாவின் பலாங்கீர்ப் பக்கத்திலிருந்து திருவள்ளூர் ஜில்லாச் செங்கற்சூளைகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வரும் குடும்பங்கள் குழந்தைகளையும் உடன் கொண்டு வருகின்றன. அக்குழந்தைகள் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே. தமிழ்நாட்டிலேயே கரும்பு வெட்டவும் சூளை வேலைக்கும் ஜில்லா விட்டு ஜில்லா போகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறது, பெயர் இல்லை. இங்குள்ள உபாத்தியாயருக்கு அப்பிள்ளையின் பாஷையும் தெரியாது. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, பாடசாலை நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று மறு கையால் வழி திறந்து வைத்தார்கள். குடும்பமே சூளையில் கூலிக்கு இருக்கையில், செங்கல் திருப்பிப் போடும் சிறுவன் குடும்பத்துக்கு உதவுகிறானா, முதலாளிக்கு உழைக்கிறானா என்பதை எந்த இன்ஸ்பெக்டர் பிரித்துக் காண்பார்?

இத்தகைய நிலையில், 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதிகளைத் திருத்தி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேறாத பிள்ளைகளை மறு பரீட்சைக்குப் பின் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்றாக்கியது. எட்டாம் வகுப்பு வரையில் யாரையும் நிறுத்துவதில்லை என்ற பழைய முறையையே தொடர்வதாகத் தமிழ்நாட்டு சர்க்கார் அப்பொழுதே அறிவித்தது. அந்த அறிவிப்பை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் முழு மனத்துடன் அன்று. எழுத்தறியாத பிள்ளையை வருஷந்தோறும் மேலே தள்ளிவிடுவதும் வஞ்சனைதான். எனினும் இரண்டில் எது மீளக்கூடிய தீங்கு என்று பார்க்கவேண்டும். மேலே சென்ற பிள்ளைக்குத் தனிப் பாடம் சொல்லிச் சரிசெய்ய இன்னும் இடமுண்டு. தன்னிலும் சிறியவர்களோடு மறுபடி உட்காரவைக்கப்பட்ட ஏழைப் பையனோ, இரண்டாம் மாதமே பட்டறைக்கோ மளிகைக் கடைக்கோ போய்விடுகிறான். பணமுள்ளவன் மகன் தவறினால் டியூஷன் வைக்கிறார்கள்; இல்லாதவன் மகன் தவறினால் வேலைக்கு வைக்கிறார்கள். தேர்ச்சி விதி இருவருக்கும் ஒன்றே, பலன் ஒன்றல்ல.

பரிகாரமாக நாம் கேட்பது ஆகாயத் தாமரையல்ல. காலைச் சிற்றுண்டியை 2022-ல் ஆரம்பித்தபோது ஐந்தாம் வகுப்போடு நிற்கும்படி எல்லை வகுத்தார்கள். பதினோராவது வயதில் பசி நின்றுவிடுகிறது என்று எந்த வைத்தியர் சொன்னார்? பிள்ளைகள் எலும்பு நீண்டு வளரும் பருவமே அதுதான். பெண்களுக்கு இரத்தசோகை முற்றுவதும் அப்போதுதான். 1984-ல் சத்துணவுக்கு எடுத்துக் காட்டிய வழி கண்முன் இருக்கிறது. அதே வழியில் சிற்றுண்டியும் எட்டாம் வகுப்பு வரையிலேனும் செல்லவேண்டும். மத்திய சர்க்கார் பகலுணவுச் சாமான்களுக்கென்று ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு 2025 மே முதல் நிர்ணயித்த தொகை 6 ரூபாய் 78 காசு. இந்தப் பணத்துக்கு ஒரு கோப்பைத் தேநீர்கூட நகரத்தில் சுலபமாக அகப்படாது. அன்றைய ஓரணாவைக் கேலி செய்ய நமக்கு வாயில்லை.

பத்துப் பதினைந்து பாடசாலைகளுக்கு ஒருவராக, வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, ரேஷன் கார்டு, ஜாதிச் சான்று, ஆஸ்பத்திரி, கண்ணாடி முதலியவற்றைக் கவனிக்கும் ஊழியர் ஒருவரை நியமிக்கவேண்டும். படிவங்களை நிரப்பக் குமாஸ்தாக்களை வைக்கவேண்டும். இரு சாரார்க்கும் ஆகும் சம்பளம், உபாத்தியாயரின் சம்பளத்தைக் கொடுத்து அவரிடம் குமாஸ்தா வேலை வாங்குவதைவிட மலிவாகவே முடியும். சூளைகளுள்ள ஜில்லாக்களில் ஒடியா தெரிந்தவர்களைத் தற்காலிகமாகவேனும் அமர்த்தவேண்டும். முன்பணம் வாங்கி வரும் குடும்பங்களின் பிள்ளைகளது பெயர்களை அனுப்பும் ஜில்லாவும் பெறும் ஜில்லாவும் பரிமாறிக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும். உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளிகளில் சரித்திரத்தையும் மனோதத்துவத்தையும் மனப்பாடம் செய்விப்பதோடு, பயிற்சி பெறுவோரைச் சில நாட்களாவது பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்று காட்டவேண்டும்.

சட்டசபையில் கல்வி மானியக் கோரிக்கை வரும்போது, தேர்ச்சி விகிதத்தைப்பற்றிக் கேள்வி கேட்க அங்கத்தினர்கள் பலர் எழுந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரேனும் எழுந்து, தமது தொகுதியிலுள்ள ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர்கள் சென்ற வருஷம் எத்தனை நாள் பாடசாலைக்கு வெளியே வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கை மந்திரியாரிடம் கேட்பாராக. பதில் கிடைக்குமாயின் அதனை முழுவதும் இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.